சுவர் வழியே வந்த பாட்டு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், 1991ஆம் ஆண்டு சாதாரண தர வகுப்பினர் சார்பாக ஆற்றப்பட்ட உரை)



மதிப்புக்குரிய அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகளே, ராத்தாமார்களே, தங்கைமார்களே, கனமூலையில் இருந்து நடந்தே வந்தவர்களே, கொழும்பிலிருந்து வேன் பிடித்து வந்தவர்களே, டோஹாவிலும் லண்டனிலும் மெல்பனிலும் இருந்துகொண்டு இந்த மலரில் எங்கள் பேச்சை வாசிக்கப்போகும் சகோதரிகளே,

எங்கள் வகுப்புக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறீர்கள். நிகழ்ச்சி நிரலில் "பழைய நினைவுகள்" என்று அச்சடித்திருக்கிறது. கிணற்றடி, பழைய மணி, வேப்பமரம், கணக்கு டீச்சரின் பிரம்பு எல்லாவற்றையும் எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். நாங்கள் வேறொன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறோம். ஒரு ராப் பாடகியைப் பற்றிப் பேசப்போகிறோம்.

பின்வரிசையில் யாரோ "யா அல்லாஹ்" என்றது கேட்டது. பரவாயில்லை. மூன்று வாரங்களுக்கு முன்பு நாங்களும் அதைத்தான் சொன்னோம்.

விழாக் குழு கூடிய அன்று பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். இந்த ஒன்றுகூடலில் தனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்றாள். கவிதையா, கிராஅத்தா, பேச்சா என்று கேட்டோம். "ராப்" என்றாள். குழுவில் எங்கள் வகுப்பைச் சேர்ந்தவர்கள் நால்வர். முதலில் மறுத்தது நாங்கள்தான். ஒருத்தி அது ஆம்பிளைப் பிள்ளைகளின் கூத்து என்றாள். ஒருத்தி அமெரிக்கக் குப்பை என்றாள். ஒருத்தி அதில் வாய்கூசும் வார்த்தைகள்தான் வரும் என்றாள். நாலாமவள் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள். பிள்ளை அழவில்லை. "மாயாவைக் கேட்டிருக்கீங்களா ஆன்ட்டி? அவங்களுக்கும் உங்கட வயசுதான்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உங்கட வயசுதான் என்ற அந்தச் சொல்தான் எங்களைத் தூங்கவிடவில்லை. பிள்ளைகளின் ஃபோனை வாங்கித் தேடிப் பார்த்தோம். சொன்னது சரிதான். மாதங்கி அருள்பிரகாசம், வீட்டில் மாயா, மேடையில் எம்.ஐ.ஏ. பிறந்தது 1975 ஜூலை 18, லண்டன் ஹவுன்ஸ்லோவில். எங்கள் வகுப்பிலும் அந்த வருடத்துப் பிள்ளைகள்தான் அதிகம்.

ஆறு மாதக் குழந்தையாக அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கன்னியர் மடப் பாடசாலையில் படித்தார். தகப்பனார் அருள்பிரகாசம் பொறியியல் படித்தவர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 'லங்கா ராணி' என்ற நாவலை எழுதியவர். இயக்க வேலையாய்த் திரிந்த தகப்பன் வீட்டில் தங்கியது குறைவு. பிள்ளைகளைத் தாய் கலாதான் வளர்த்தார். 1986இல், மாயாவுக்கு பதினொரு வயது ஆகும் தறுவாயில், தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் இங்கே ஆறாம் வகுப்பில் வெள்ளைச் சீருடையில் மை ஊற்றிக்கொண்டிருந்த வருடம் அது.

லண்டன் என்றதும் மகாராணியின் மாளிகையை நினைக்க வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்தது தெற்கு லண்டனில் ஃபிப்ஸ் பிரிட்ஜ் என்ற குடியிருப்பு. நகரசபை ஏழைகளுக்குக் குறைந்த வாடகையில் கட்டிக்கொடுத்த வீடுகள். கொழும்பில் வாழ்க்கைப்பட்ட எங்கள் சகோதரிகளுக்கு மாளிகாவத்தைத் தொடர்மாடி என்றால் புரியும். அந்த இடத்தின் பெயர் மிச்சம். தமிழில் எழுதினால் அப்படியே நம் சோற்று மிச்சம்தான். அந்தக் குடியிருப்பில் ஆசியக் குடும்பங்கள் என்று இரண்டே இரண்டு இருந்தனவாம். நிறத்துக்காக ஏச்சு, பள்ளியில் புரியாத பாஷை. தாய் தையல் வேலை செய்தார். மாயா பிறகு படித்தது விம்பிள்டனில் ரிகார்ட்ஸ் லொட்ஜ் என்ற பள்ளி. அதுவும் பெண்கள் பாடசாலை. அங்கேயும் ஒரு பழைய மாணவியர் சங்கம் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் கதிரை போடுவார்களா, நம்மைப் போல வாசலில் வைத்துத் திருப்பி அனுப்புவார்களா என்று நாங்கள் பேசிச் சிரித்தோம்.

வீட்டில் இருந்த ரேடியோ ஒரு நாள் களவு போய்விட்டது. அதன் பிறகு பக்கத்து வீட்டுப் பையன் சத்தமாகப் போடும் பாட்டு சுவர் வழியே வந்தது. அதுதான் ஹிப்ஹொப். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த பிள்ளைக்கு அந்தத் தாளமும் அதில் பேசப்படும் வேகமும் புரிந்தன. மாயாவே நேர்காணல்களில் சொன்ன கதை இது. எங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. உம்மாமார் பக்கத்து வீட்டு வானொலியில் முஸ்லிம் நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த ஊர் இது. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து வந்ததைத்தான் நாங்களும் மனப்பாடம் செய்தோம்.

சரி, ராப் என்றால் என்ன? பாடுவதல்ல, தாளத்தில் பேசுவது. எதுகை மோனையை விடாமல், மூச்சை எங்கே எடுப்பது என்று தெரிந்து, சொல்லை அடுக்கிக்கொண்டே போவது. இதைக் கேட்டதும் எங்களில் ஒருத்திக்கு நினைவு வந்தது பக்கீர் பாவா. நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப றபானை அடித்துக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வருவாரே, அவருடைய பைத்து. அரைத்தூக்கத்தில் கேட்டாலும் சொல் தெளிவாக விழும். இசைக்கருவி ஆகுமா ஆகாதா என்ற மஸ்அலாவுக்குள் நாங்கள் போகவில்லை, அதை உலமாக்களிடம் விட்டுவிட்டோம். அந்தப் பிள்ளையும் கருவி எதுவும் கேட்கவில்லை. மேசையில் விரலால் தட்டிக்கொள்வேன் என்றாள்.

"அமெரிக்கக் குப்பை" என்று சொன்ன எங்கள் தோழிக்கு அவளுடைய மகளே பதில் சொல்லியிருக்கிறாள். ஹிப்ஹொப் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயோர்க்கில் பிரொங்ஸ் என்ற ஏழைப் பகுதி, செஜ்விக் வீதி 1520ஆம் இலக்கக் கட்டடம், கீழ்த்தளத்தில் ஒரு சின்ன மண்டபம். ஜமேக்காவில் இருந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இருவர் அங்கே ஒரு கொண்டாட்டம் வைத்தார்கள். இசைத்தட்டுச் சுழற்றியவர் அண்ணன், கூல் ஹேர்க். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஆனால் கொண்டாட்டத்தை ஒழுங்கு செய்தது தங்கை சின்டி கெம்பல். எதற்குத் தெரியுமா? பள்ளி திறக்கப்போகிறது, புது உடுப்பு வாங்கக் காசு வேண்டும். ஆண்களுக்கு 50 சதம், பெண்களுக்கு 25 சதம் என்று கையால் எழுதி நுழைவுக் கட்டணம் வைத்தாள். பாடசாலைச் சீருடைக்குக் காசு சேர்க்க நாம் நடத்திய உணவுக் கண்காட்சிகளை நினைத்துப் பார்த்தோம். எங்கள் அப்பத்தில் இருந்து உலகம் சுற்றும் எதுவும் பிறக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாயா முதலில் பாட வரவில்லை. சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். 2001இல் யாழ்ப்பாணத்து உறவினர்களைத் தேடி, கமெராவோடு இலங்கை வந்தார். விவரணப்படம் எடுப்பதுதான் எண்ணம். அந்தப் படம் அப்போது முடியவில்லை. பாட்டு முந்திக்கொண்டது. எம்.ஐ.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இராணுவக் குறிப்பில் போர்முனையில் காணாமற் போனவருக்கு இடுவது. அப்போது அவர் குடியிருந்த அக்டன் என்ற ஊர்ப் பெயரை வைத்து அதற்கு இன்னொரு பொருளும் சொல்வார், அக்டனில் காணாமற் போனவள் என்று. காணாமற் போனவர்களின் படத்தைக் கையில் பிடித்தபடி தாய்மார் வீதியில் நிற்கும் நாட்டில், இந்தப் பெயரை விளக்க எங்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

2005இல் முதல் இசைத்தொகுப்பு. பெயர் 'அருளர்'. தகப்பனின் இயக்கப் பெயர். தகப்பன் எங்கோ இருந்து மின்னஞ்சல் அனுப்பினாராம், உன்னைப் பற்றிப் பத்திரிகையில் வாசித்தேன், பெருமையாக இருக்கிறது, தொகுப்பின் பெயரை மட்டும் மாற்று என்று. மகள் மாற்றவில்லை. 2007இல் வந்த இரண்டாவதன் பெயர் 'கலா', தாயின் பெயர். பிறகு வந்தவற்றுக்குத் தன் பெயர்கள்தான், 'மாயா', 'மாதங்கி'. புகழ் என்று ஒன்று வரும்போது தையல்காரத் தாயின் பெயரை உறையில் அச்சடித்து உலகமெல்லாம் விற்ற மகள். வாப்பாமாரை விட உம்மாமார் வளைகுடாவுக்குப் போய் உழைத்த வீடுகள் இந்தப் பக்கம் எத்தனை? ஜித்தாவிலும் குவைத்திலும் அடுப்படியில் நின்று நம்மைப் படிக்கவைத்த உம்மாக்களின் பெயரை எங்கே எழுதினோம்? திருமண அழைப்பிதழில்கூட "இன்னாரின் மனைவி" என்றுதான் போட்டோம்.

அந்த 'கலா' உருவான கதையும் ஒரு விசாக் கதை. அமெரிக்காவில் பதிவுசெய்ய நினைத்தார், விசா இழுபட்டது. அதனால் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னைக்கும் வந்தார். தமிழ்நாட்டு உறுமி மேளத்தை வைத்து அடித்த அடியைத்தான் 'பேர்ட் ஃப்ளூ', 'பொய்ஸ்' என்ற பாட்டுகளில் கேட்கிறோம். எங்களில் மூன்று பேருக்கு அந்தச் சத்தம் தலைவலி. இருவருக்குப் பிடித்துப்போனது. ஒருத்தி இன்னும் சமையலறையில் போட்டுக் கேட்கிறாள், கணவர் வந்தால் நிறுத்திவிடுகிறாள். அதே தொகுப்பில்தான் 'பேப்பர் பிளேன்ஸ்'. துப்பாக்கிச் சத்தமும் கடைக் கல்லாப் பெட்டியின் சத்தமும் வரும் பாட்டு. வேடிக்கைப் பாட்டு போல இருக்கும். வெளிநாட்டில் இருந்து வருகிறவன் திருட வந்தவன் என்று நினைப்பவர்களைக் கேலி செய்வதுதான் உள்ளே இருக்கும் விஷயம். சில தொலைக்காட்சிகள் துப்பாக்கிச் சத்தத்தை அழுத்திவிட்டு ஒளிபரப்பின. அமெரிக்கப் பட்டியலில் நாலாம் இடம் வரை போனது. கொழும்பில் தூதரக வாசலில் விடியற்காலையில் வரிசையில் நின்ற எங்கள் தோழிகள் அதைக் கேட்டதும் சிரித்தார்கள். என்ன சிரிப்பு என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

இனிப் புகழைப் பற்றி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

2009 பெப்ரவரி 8, கிராமி விருது விழா. அமெரிக்காவின் பெரிய ராப் பாடகர்கள் நால்வரோடு மேடையில் மாயா. பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த நாள் அதே நாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஆடினார். சில நாளில் மகன் பிறந்தான். அதே மாதம் ஏ.ஆர்.ரஹ்மானோடு 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்துக்குச் செய்த பாட்டு ஒஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டிருந்தது. அந்தக் கிழமைகளில்தான் வன்னியில் யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. உலகம் முழுக்க அவர் முகம் தெரிந்த நேரம் அது. தொலைக்காட்சிகளில் போய் உட்கார்ந்து, அங்கே சனங்கள் சாகிறார்கள் என்று சொன்னார். அவர் விஷயத்தை எளிதாக்கிச் சொல்கிறார் என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒன்று கவனித்தோம். ஆடச் சொன்னபோது எல்லாரும் கைதட்டினார்கள், பேசத் தொடங்கியதும் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள்.

2010இல் 'நியூயோர்க் ரைம்ஸ்' சஞ்சிகையில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே ஆடம்பர உருளைக்கிழங்குப் பொரியலைக் கொறித்தார் என்று ஒரு வரி. உலகம் சிரித்தது. பிறகு பார்த்தால், மாயா அந்த உரையாடலை இரகசியமாகப் பதிவு செய்து வைத்திருக்கிறார். அந்தப் பொரியலை எடுக்கலாம் என்று சொன்னது எழுதியவர்தான் என்பது அந்தப் பதிவில் இருந்து வெளியே வந்தது. மேற்கோள்களை இடம் மாற்றிப் போட்டதற்காகப் பத்திரிகையும் ஆசிரியர் குறிப்பு ஒன்று வெளியிட்டது. கோபத்தில் மாயா அந்த எழுத்தாளரின் தொலைபேசி எண்ணை ஊருக்கே பகிரங்கப்படுத்தினார், அது சரியில்லை. ஆனால் ஏழை வீட்டுப் பிள்ளை என்ன தின்கிறாள் என்று எட்டிப் பார்க்கும் குணம் லண்டனிலும் நியூயோர்க்கிலும் மட்டும் இல்லை.

2012 பெப்ரவரியில் மடோனாவோடு சுப்பர் போல் காற்பந்து இறுதி ஆட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சி. அமெரிக்காவில் மட்டும் 11 கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மாயா கமெராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். லீக் அமைப்பு முதலில் 15 இலட்சம் டொலர் கேட்டது, பிறகு அதைவிடப் பல மடங்கு கேட்டது, 2014இல் சமரசமாக முடிந்தது. இதற்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. எங்கள் பிள்ளை செய்திருந்தால் கன்னத்தில் போட்டிருப்போம். கொரோனாக் காலத்தில் தடுப்பூசிக்கு எதிராக அவர் பேசியதும் எங்களுக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டவர்கள். 2016இல், கறுப்பின மக்களின் உயிரைப் பற்றிப் பேசும் பெரிய பாடகர்கள் முஸ்லிம்களின் உயிரைப் பற்றி, சிரியாவைப் பற்றிப் பேசுவார்களா என்று கேட்டார். கறுப்பின ரசிகர்கள் புண்பட்டார்கள், லண்டனில் ஒரு பெரிய இசைவிழாவின் பிரதான இடம் போனது. ஒருவரின் காயத்தைக் காட்டி இன்னொருவரின் காயத்தைக் கேட்டது பிழை. கேட்ட விஷயம் பிழையா என்றுதான் எங்களுக்குள் ஒரு மாலை முழுக்கச் சண்டை. இன்னும் முடியவில்லை.

இப்போது எங்களுக்கு மிகவும் கஷ்டமான இடத்துக்கு வருகிறோம்.

'அருளர்' தொகுப்பின் படங்களில் புலி வரும். மாயா புலிகளை ஆதரிக்கவில்லை என்றே சொன்னார், தகப்பனும் புலி இயக்கத்தவர் அல்ல. ஆனாலும் படத்தில் புலி. இந்தக் கரையில் அதைச் சாதாரணமாகப் பார்க்க முடியுமா? 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் வந்தார்கள். பெரும்பாலானவர்கள் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. கற்பிட்டிப் பக்கம், முந்தல் பக்கம், நம்முடைய இந்தப் பக்கம். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் முளைத்தன. நம் வீடுகளில் இருந்து சோற்றுப் பானைகள் போயின. அதை எல்லாரும் சொல்வோம், இந்த மலரிலும் இரண்டு கட்டுரைகளில் இருக்கிறது.

சொல்லாத ஒன்றை நாங்கள் சொல்கிறோம். அப்போது நாங்கள் பத்தாம் வகுப்பு. எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஏழு பிள்ளைகள் வந்தார்கள். கடைசி வாங்கில் உட்கார வைத்தோம். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அகதிப் பிள்ளை" என்றோம். பேச்சின் இழுப்பைக் கேட்டுச் சிரித்தோம். கிணற்றடியில் அவர்களுக்கு முதல் நாங்கள் தண்ணீர் அள்ளினோம். அவர்களில் ஒருத்திக்கு அபாரமான குரல். அவள் கசீதா பாடினால் ஒழுங்கையில் போகிற சைக்கிள் நிற்கும். 1991 மீலாத் விழாவுக்குப் பெயர் கொடுக்கப் போனாள். "எங்கட ஊர்ப் பிள்ளைகள் இருக்கேக்க நீ எதுக்கு" என்று சொன்னது டீச்சர்மார் இல்லை, நாங்கள். டீச்சர்மார் காதுக்கு அது போகவே விடவில்லை. மிச்சத்தில் மாயாவைப் பார்த்துக் கத்தியவர்களைப் பற்றி வாசித்தபோது, வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் ஃபோனைக் கீழே வைத்தாள். நாங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்தத் தோழி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார். மூன்று வாரங்களுக்கு முன்பு வாசலில் வந்து நின்ற பிள்ளை அவருடைய மகள். நாங்கள் மறுத்தபோது அது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மறுத்திருக்க மாட்டோம் என்று சொல்ல ஆசை. உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு அவர் வீட்டுக்குப் போனோம். முப்பத்தைந்து வருடத்தில் எங்களில் பலர் அந்த வாசலை மிதித்தது அதுதான் முதல் தடவை. மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த கொட்டில் இருந்த இடத்தில் இப்போது கல்வீடு. தேத்தண்ணி தந்தார். நாங்கள் சுற்றி வளைத்துப் பேசி, கடைசியில் கேட்டோம், அந்தப் பாடகியின் படத்தில் புலி இருக்கிறதே, உங்களுக்கு ஒன்றும் செய்யவில்லையா என்று. "எனக்கு அந்தப் படம் பிடிக்கல்ல. மகளிட்ட சொன்னேன். அவ அதுக்கும் ஒரு வரி எழுதி வெச்சிருக்கா" என்றார். மகள் சிரித்துக்கொண்டு, மேடையில் கேளுங்கள் என்றாள். நாங்கள் கேட்ட மாயாவின் பாடல்களில் எங்கும் அந்த ஒக்டோபர் மாதம் இல்லை. மாயாவிடம் கற்றுக்கொண்ட பிள்ளை, மாயா பாடாததை எழுதியிருக்கிறாள் போலிருக்கிறது.

தமிழில் இப்படிச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. மலேசியாவில் யோகி பி 2006இலேயே 'வல்லவன்' என்று முழுத் தமிழ் ராப் தொகுப்புக் கொண்டுவந்தார். அரக்கோணத்து அறிவு 2021இல் தீயோடு சேர்ந்து பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' நம் வீட்டுக் கலியாணங்களிலும் ஒலித்தது. அறிவின் பாட்டி நம் மலையகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், பிறகு இந்தியாவுக்குத் திரும்பியவர். அந்தக் கிழவியின் நினைப்புத்தான் அந்தப் பாட்டுக்கு வித்து. நாங்கள் அதற்குக் கைதட்டும்போது அது ராப் என்று நினைக்கவே இல்லை. இந்தப் பிள்ளையும் தன் உம்மம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறாள். சோனகத் தெரு வீட்டில் விட்டுவந்த சாமான்களின் பட்டியல் அது. அடுப்பில் வைத்த சோறு உட்பட.

கடைசியாக மாயாவின் உம்மாவைப் பற்றி ஒன்று. 2019இல் இசைச் சேவைக்காகப் பிரித்தானிய அரசு மாயாவுக்கு எம்.பி.இ. பட்டம் அறிவித்தது. அரசைத் திட்டிப் பாடியவர் அரச பதக்கத்தை வாங்கலாமா என்று பலருக்கும் கேள்வி. மாயா சொன்ன காரணம் தாய். அகதியாக வந்த கலா அந்த நாட்டில் செய்த தையல் வேலை என்ன தெரியுமா? அரச பதக்கங்களைக் கையால் தைப்பது. அதே பதக்கங்களைத்தான். எத்தனையோ பேருடைய நெஞ்சுக்காகத் தைத்த கை அது, ஒன்றாவது தன் வீட்டுக்கு வரட்டும் என்று வாங்கினார். இதை வாசித்தபோது எங்களில் தையல் மெஷினோடு குடும்பத்தைக் காப்பாற்றிய இருவர் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டார்கள்.

சகோதரிகளே, குழுவின் மற்ற உறுப்பினர்களிடம் பேசிவிட்டோம். அதிபர் அவர்களின் அனுமதியும் கிடைத்திருக்கிறது. வரிகளை இரண்டு ஆசிரியைகள் வாசித்துப் பார்த்தார்கள். ஓர் எழுத்துப்பிழை திருத்தியதோடு சரி. இன்று மண்டபத்தில் பெண்கள் மட்டும்தான். எங்கள் இருபது நிமிடத்தில் பதினான்கு முடிந்துவிட்டது. மிச்சம் ஆறு. அவள் கேட்டது ஐந்து.

மேசை ஒன்று வேண்டும், தட்டுவதற்கு. அந்தப் பக்கத்துச் சின்ன மேசை போதும். அவளுடைய உம்மம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், முன்வரிசையில் யாராவது இடம் கொடுங்கள். ஒலிவாங்கியைக் கொஞ்சம் கீழே இறக்கி விடுங்கள் டீச்சர், பிள்ளை எங்களை விட உயரம் குறைவு. வா மகள்.